சலவைக்கூடத்துக்கு எதிரே

எங்கள் பள்ளி அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை சிஐடி அக்காவுடையது. அந்தப் பட்டம் பிள்ளைகள் கொடுத்தது. ஆசிரியர்களும் கூச்சமில்லாமல் அப்படியே கூப்பிடுகிறார்கள். வகுப்புக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் செய்வது, வேண்டுமென்றால் நேரிலேயே போய் விசாரிப்பது, ஆளைக் கொண்டுவந்து வகுப்பில் உட்கார வைப்பது, இதுதான் அக்காவின் வேலை.

உலகத்தில் ஒருத்தரும் உண்மை பேசுவதில்லை என்பது அவருடைய முடிவு. கட்டியவரையே நம்ப மாட்டார். காய்கறி வாங்கப் போன மனுஷன் கொஞ்சம் தாமதித்தால், பையைக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கத் தண்ணீர் கொடுப்பாராம். காய்ச்சல் என்று வரும் பிள்ளைக்கு நெற்றியைத் தொட மாட்டார், பின்கழுத்தில் கை வைப்பார். நெற்றியை வெயிலில் காட்டிச் சுடவைத்துக்கொண்டு வருவார்களாம். ஒரு முறை யாரோ ஒரு தகப்பனார் போனில் கட்டைக் குரலில் மகனுக்கு லீவு கேட்டார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், மீசை முளைச்சதும் கூப்பிடுங்க," என்று வைத்துவிட்டார்.

எனக்கு இதெல்லாம் எரிச்சல்தான். பிள்ளைகளைப் பிக்பாக்கெட் மாதிரியா பார்ப்பது? ஆனால் அவர் வந்த பிறகுதான் பின்பெஞ்சுகள் நிரம்பின. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த வருஷம் அவரிடம் மாட்டியவள் பத்தாம் வகுப்பு நெட்டச்சி. வகுப்பிலேயே உயரமானவள், படிப்பிலும் முதல் வரிசை. திடீரென்று வாரத்தில் பாதி நாள் காணாமல் போனாள். வருகை இதற்கு மேல் குறைந்தால் பொதுத்தேர்வு எழுத விட முடியாது என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அம்மாவப் பாக்கணும், மிஸ்," என்றாள். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

தாயார் படுத்த படுக்கையாக இருக்கிறார், பாவம், இவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அக்காவுக்கு அப்படித் தோன்றுமா? உடனே தாயாருக்குப் போன் போட்டார்.

"எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கேன். வேலையில நிக்கறேன். ஏன், அவ ஸ்கூலுக்கு வரலையா?" என்றது எதிர்க்குரல்.

"வந்திருக்கா, சும்மா கேட்டேன்," என்று சமாளித்து வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். "பாத்தியா? நல்லா இருக்கற அம்மாவ நோயாளியாக்கிட்டா. இது பையன் விவகாரம். நாளைக்கு நீயும் வா, சாட்சி வேணும்."

மறுநாள் காலை நானும் வெட்கமில்லாமல் அவர் பின்னால் போனேன். நெட்டச்சி பள்ளிக்கு முந்தின நிறுத்தத்திலேயே பஸ்ஸைவிட்டு இறங்கினாள். ஒரு சந்துக்குள் நுழைந்து, சீருடைக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தாள். எதிரே பெரிய சலவைக்கூடம். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு துவைக்கிற இடம். சன்னல் வழியாக ஆவி வந்துகொண்டிருந்தது.

நாங்கள் ஒரு வேனுக்குப் பின்னால் பதுங்கி நின்றோம். வாசலில் மூட்டை இறக்குகிறவன், டீ கொண்டுபோகிறவன், கேட்டைத் திறந்துவிடும் காவலாளி, எல்லோர் மேலும் அக்காவுக்குச் சந்தேகம். காவலாளிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. "அவருமா?" என்றேன். "நீ சும்மா இரு," என்றார். நெட்டச்சியோ இவர்கள் ஒருவரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. நேராகப் போய் அவள் தோளைப் பிடித்தார்.

"யாருடி அவன்?"

"எவன் மிஸ்? அம்மாவப் பாக்கணும்னு அன்னிக்கே சொன்னேனே." சன்னலைக் காட்டினாள். உள்ளே ஒரு பெண் ஈர விரிப்புகளைத் தேய்க்கிற இயந்திரத்தின் சூடான உருளைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டிருந்தார். "வீட்ல ரெண்டு தடவ வலிப்பு வந்து விழுந்துட்டாங்க. இங்க வந்துச்சுன்னா கை உள்ள போயிடும். வர்றதுக்கு முன்னாடி கண்ணு ஒரு மாதிரி நிலைகுத்தும், எனக்குத் தெரியும். உடனே ஓடிப்போய் இழுத்துடுவேன். நான் இங்க இருக்கறது அம்மாவுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க மிஸ், வேலை போயிடும்."

பார்க்கணும் என்று அவள் சொன்னது கண்ணால் பார்ப்பதைத்தான். அக்கா அப்போதும் விடவில்லை. "இங்க ஒரு தடவையாவது வந்துச்சா?"

"இன்னும் வரல."

அக்கா எதிரே இருந்த சலவைக்கூடத்துக்குள் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். நெட்டச்சி வாசலிலேயே நின்றுவிட்டாள். தாயார் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு நீங்க? சூப்பர்வைசர் அனுப்பினாரா? எனக்கு ஒரு வியாதியும் கிடையாது."

"அப்ப உங்க பொண்ணு ஸ்கூலுக்கு வராம எதிர்ப் படியில உட்கார்ந்து எதைப் பாக்கறா?"

அந்த அம்மா வாசல் பக்கம் திரும்பினார். மகளைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தானாகவே சூப்பர்வைசர் அறைக்குள் போனார். வெளியே வந்தபோது, தன்னைத் துணி மடிக்கிற பகுதிக்கு மாற்றுவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார் என்றார். அக்கா உதட்டைப் பிதுக்கினார். அந்த வாக்கை அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் நெட்டச்சி முதல் மணிக்கே வந்துவிட்டாள். வகுப்புக்குப் போகாமல் அலுவலக வாசலில் நின்றாள்.

"நிஜமாவே மடிக்கற எடத்துக்கு மாத்திட்டாங்களா மிஸ்? அம்மா ஆமாங்கறாங்க. எனக்கு நம்பிக்கையில்ல."

"மாத்திட்டாங்க. காலைல நானே பாத்துட்டுத்தான் வர்றேன்," என்றார் அக்கா.

"அம்மா என்ன புடவை கட்டியிருந்தாங்க?"

"எல்லாருக்கும் மேல ஒரு கோட்டு மாட்டிவிட்டுடறாங்களே, புடவை எங்க தெரியுது? போ, கிளாசுக்கு நேரமாச்சு."

அவள் கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தையே பார்த்துவிட்டு, புத்தகப் பையை மாட்டிக்கொண்டு போனாள். அக்கா எங்கே போய்ப் பார்த்தார்? அன்று காலை அலுவலகக் கதவைத் திறந்ததே அக்காதான். நான் வரும்போது போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

அவள் தலை மறைந்ததும் அக்கா எழுந்து கைப்பையை எடுத்தார்.

"எங்கக்கா?"

"சலவைக்கூடத்துக்குத்தான். இடைவேளைல அவ திரும்ப வந்து கேப்பா. அதுக்குள்ள போயிட்டு வந்துடறேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.