செவலையைக் கூப்பிட்ட குரல்

பாவாத்தாள் பீளமேட்டில் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். கணவர் தம்பிதுரைக்கு மோட்டார் பட்டறை. குழந்தைகள் இல்லை. முதலில் வளர்த்த பூனை அவினாசி ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனதால், அடுத்து வந்த செவலையை அவள் வாசற்படி தாண்ட விட்டதே இல்லை.

அடைபட்ட பூனைக்குப் பொழுது போகவேண்டுமே. செவலை திரைச்சீலையில் ஏறும். அலமாரியிலிருக்கும் தம்ளர்களைத் தட்டிவிடும். அதனால் பாவாத்தாள் தினமும் அதற்கு ஏதாவது விளையாட்டுக் காட்டுவாள். கோழி இறகை நூலில் கட்டிக் கட்டிலைச் சுற்றி இழுப்பாள். தீப்பெட்டிக்குள் நெத்திலிக் கருவாட்டை வைத்து ஒளித்துவைப்பாள். செவலை மோப்பம் பிடித்து நகத்தால் பெட்டியைத் திறந்துவிட்டால் கைதட்டிச் சிரிப்பாள்.

"ஒரு பூனைக்கு இத்தன சர்க்கஸா?" என்று தம்பிதுரையும் சிரிப்பார். புது சோபாவை அது பிறாண்டியதிலிருந்து அவர் சிரிப்பதில்லை.

தொண்ணூற்றெட்டில், தங்கைக்கு ஆபரேஷன் என்று காங்கேயம் போய்விட்டு வந்தாள். வீட்டில் பூனை இல்லை.

"கதவத் தொறந்தனா, காலுக்கடியில பூந்து ஓடிப்போச்சு அம்மணி" என்றார் தம்பிதுரை.

சாயங்காலங்களில் இருவரும் தெருத்தெருவாகத் தேடினார்கள். அவர்தான் முன்னால் நடந்து "செவலே, செவலே" என்று கூப்பிட்டார். நிற்கிற லாரிகளுக்கடியில் குனிந்து பார்த்தார். "போதுமுங்க, உங்க தொண்டை கட்டிப்போச்சு" என்று சொல்லி அவள்தான் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தாள்.

பிறகு அவர் ஒரு பொம்மை வாங்கிவந்தார். முட்டை வடிவம், சின்னத் திரை, உள்ளே புள்ளிகளாலான ஒரு பூனை. பசித்தால் கீச்சென்று கத்தும், சலித்தாலும் கத்தும். பட்டனை அமுக்கினால் பந்து வரும், அது குதிக்கும். "முடி கொட்டாது, சோபாவப் பிறாண்டாது" என்றார். வேடிக்கையாக இருந்தாலும் பாவாத்தாள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, சமையலுக்கு நடுவிலும் விளையாட்டுக் காட்டினாள்.

ஒருநாள் மத்தியானம் போன் அடித்தது. அன்னூரில் பஞ்சு குடோன் வைத்திருக்கும் யாகூப், தம்பிதுரையின் சிநேகிதர்.

"அண்ணன் இருக்காருங்களா அக்கா? நீங்க குடுத்துவுட்ட பூனை வந்ததுல இருந்து குடோன்ல ஒரு எலி இல்லீங்க."

"நானா குடுத்துவுட்டேன்?"

"அண்ணன் அப்படித்தானுங்க சொன்னாரு."

இடுப்பில் பொம்மை கத்தியது. அவள் அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மூடிபோட்ட கூடை ஒன்றோடு அன்னூர் பஸ் ஏறினாள்.

பஞ்சு மூட்டைகளின்மேல் செவலை கிடந்தது. உடம்பு தேறியிருந்தது. அவளைக் கண்டதும் இறங்கி வந்து காலில் உரசியது. மூலையில் ஏதோ சரசரத்தது. அடுத்த நொடி அங்கே பாய்ந்துவிட்டது. பாவாத்தாள் கொண்டுபோன கூடையைத் திறக்கவே இல்லை. சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

"அன்னூர் போய்ப் பார்த்தேனுங்க" என்றாள் கணவரிடம்.

தம்பிதுரை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "நீ அழுவியேன்னுதான்…"

"கேட்டிருந்தா நானே கொண்டுபோயி உட்டிருப்பேனுங்க. எங்கூடத் தெருத்தெருவா வந்து கூப்புட்டீங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல."

அவர் வேறு பூனை வாங்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றாள். மாதம் ஒருமுறை தனியாக அன்னூர் போய்வந்தாள். சண்டை போடவில்லை, சோறு போடாமலும் இருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, கேஸ் சிலிண்டரை மூடிவிட்டேன் என்று அவர் சொன்னால், ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்த் தன் கையால் திருகிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.