விழுந்தால் தனகோடி நிலத்தில்

அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே ஐந்தரை ஏக்கர் வைத்திருக்கும் தனகோடிக்கு வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. சகலை கேசவன் மட்டும் இருக்கிறார். கேசவன் டிராக்டர் வாங்கினால் தனகோடி அதைவிடப் பெரிய டிராக்டர் வாங்குவார். கேசவன் மகள் நர்சிங் சேர்ந்தாள் என்று தன் மகனையும் நர்சிங்கிலேயே தள்ளினார். பையன் இப்போது நன்றாக ஊசி போடுகிறான் என்று கேள்வி.

போன வருஷம் ஒரு விமானக் கம்பெனி சோதனை ஓட்டத்துக்கு இடம் தேடி வருவதாகத் தகவல். விமானம் என்றால் ஓடுபாதை, ஓடுபாதை என்றால் நீளம், நீளம் என்றால் தனகோடி நிலம். ஜேசிபி வைத்து வரப்புகளை வெட்டிச் சமமாக்கினார். அந்தப் போக நடவு போயிற்று. மனைவி கன்னியம்மா கேட்டதற்கு, பிளேன் வரப்பில் தடுக்கி விழும் என்றார்.

கம்பெனி இன்ஜினியர் கீர்த்தனா வந்தார். நிலத்தை மரியாதையாகப் பார்த்தார். அவர்கள் உருவாக்கும் விமானம் நின்ற இடத்திலேயே நேராக எழும்பும், மேலே போய் விசிறிகளை முன்பக்கம் சாய்த்துக்கொண்டு படுவேகமாகப் பறக்கும், திரும்பி வந்து நேராகவே இறங்கும் என்றார். ஓட வேண்டிய வேலையே இல்லை.

"அப்போ எவ்ளோ எடம் வோணும்?"

"அறுபதுக்கு அறுபது அடி போதும் சார். சிமென்ட் தரையா இருக்கணும்."

பக்கத்திலேயே கேசவன் நெல் காயவைக்கும் சிமென்ட் களம் இருந்தது. அறுபத்திரண்டுக்கு அறுபது. இரண்டடி மிச்சம் வேறு.

மறுவாரமே களத்தைச் சுற்றி வேலி வந்தது. கேசவனுக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார்கள். அதோடு அவர் டீக்கடைக்கு வந்த அன்று தனகோடி பாதி டீயோடு எழுந்து போய்விட்டார்.

அப்புறம்தான் சிக்கல். எழும்பிய விமானம் விசிறியைச் சாய்த்து வேகம் பிடிப்பது தனகோடி நிலத்துக்கு மேலே. ஆளில்லாமல் பறப்பதுதான், ஆனாலும் ஏதாவது ஆனால் வெற்று நிலத்தில் விழ வேண்டும். அதற்குத் தனகோடி சம்மதம் எழுதித் தராவிட்டால் கம்பெனி வேறு ஊர் பார்க்கும். சாகிறவரை கையெழுத்துப் போடமாட்டார் என்று ஊரே முடிவு கட்டியது. கேசவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கீர்த்தனாவையும் கூட்டிக்கொண்டு தனகோடி வாசலில் வந்து நின்றார்.

"சகலை, உன் கையிலதான் கீது."

தனகோடி அவரைப் பார்க்கவே இல்லை. கீர்த்தனாவிடம் கேட்டார்: "வுழுந்தா இவரு நெலத்துல ஒரு துண்டு வுழுமா?"

"வாய்ப்பே இல்ல சார். எல்லாம் உங்க நிலத்துலதான்."

"அத்த எழுத்துல குடும்மா."

எழுதிக் கொடுத்தார்கள். போட்டார் கையெழுத்து.

முதல் சோதனையன்று விமானம் களத்திலிருந்து அலுங்காமல் எழும்பியது, தனகோடி தலைக்கு மேலே விசிறியைச் சாய்த்தது, கடல் பக்கமாகச் சீறிப் போனது. ஏழு நிமிஷத்தில் திரும்பி வந்து கோழி அடைகாக்க உட்கார்வதுபோல் கேசவன் களத்தில் உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். தனகோடி வேலியோரமாகப் போய்க் கீர்த்தனாவைக் கூப்பிட்டு, மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்:

"ஒரு நட்டு கூடவாம்மா கழலல?"