படத்தில் இல்லாத பாட்டு

படம் நீண்டு போச்சுதென்று, முதலில் வெளிவந்தபோதே அந்தப் பாட்டை வெட்டிவிட்டார்கள். நாங்கள் ரேடியோவில் மட்டும்தான் கேட்டோம். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய என் மனுசனுக்கோ, அது படகில் எடுத்த பாட்டென்று ஒரே பிடிவாதம். தாளத்தில் அலை அடிக்குதாம். நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருக்க, கதாநாயகி படகின் பின்பக்கம் கயிற்றுச் சுருளின் மேல் இருந்துகொண்டு நனைந்த கூந்தலோடு பாடுகிறாள் என்று, நேரில் பார்த்தவர் மாதிரியே சொல்லுவார். எனக்கும் அது அப்படியே பதிந்து போச்சு.

அவர் செத்து, வருச முடிவில் செய்கிற ஆட்டைத் திவசம் வரமுதல், வெட்டின காட்சிகளைச் சேர்த்து அந்தப் படத்தைத் திரும்பவும் ரவுண் தியேட்டரில் போட்டார்கள். மகள் கூட்டிக்கொண்டு போனாள். பாட்டு வந்தது. கடலுமில்லை, கயிறுமில்லை. கண்ணாடி பதித்த ஒரு மண்டபம், சுற்றிவர ஆடுகிற பெண்கள்.

"அப்பாவுக்குப் பார்க்கக் கொடுத்து வைக்கேல்லை" என்று மகள் அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்டினதை வெட்டினபடியே விட்டிருக்கலாம்.

இப்பவும் ரேடியோவில் அந்தப் பாட்டுப் போகும். கண்ணை இறுக்கி மூடிப் பார்க்கிறேன். மண்டபம்தான் வருகுது. அவருடைய படகு வருகுதில்லை.