ஐயாவு தரிசு போட்ட வருஷம்

பாபநாசம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பட்டா நகல், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஹமீதா பானு கடை என்றால் ஊருக்கே தெரியும். என் வாயும் ஊருக்கே தெரியும். கடைசித் தேதியன்று சாயங்காலம் ஓடிவந்து, "அக்கா, சர்வர் எப்ப வரும்?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன, சர்வருக்கு மாமியாரா?

ஐயாவு அண்ணனிடம் மட்டும் எனக்குக் கத்த வராது. மனிதர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார் என்றால், உடம்புதான் இங்கே இருக்கும். இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார்.

"எங்கண்ணே போயிட்டீங்க?"

"ஆத்துக்குத்தான் தங்கச்சி. மொதத் தண்ணி வருது."

வெளியே வெயில் கொளுத்தும். காவிரியில் மணல்தான் கிடக்கும். அவருக்கு மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். முன்னால் சருகுகள் உருண்டு வரும், அதன் பின்னால் நுரை, நுரைக்குப் பின்னால் செந்தண்ணீர். அவர் மெல்லச் சொல்லச் சொல்ல, கடைக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கும் கால் நனைவது போல் இருக்கும். கோபம் எங்கே போனதென்றே தெரியாது.

கனவு காண்கிற அந்த மனிதருக்கு ஒரே ஒரு பயம் உண்டு. அது அவருடைய அப்பா தங்கையன் விட்டுப் போனது. தங்கையன் பண்ணையாளாக இருந்தவர். கூலி கேட்டுக் கொடி பிடித்து அடிபட்ட காலத்து ஆள். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பண்ணை சும்மா விடுமா? வாய்க்காலை அடைத்தது. பிறகு, "இவனுக்கு விவசாயம் பண்ணத் துப்பில்லை, நிலம் தரிசாகக் கிடக்கிறது" என்று மனுப் போட்டது. அதிகாரி பார்க்க வரும்போது ஏதாவது முளைத்திருக்க வேண்டுமே என்று தங்கையன் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி ஒரு மூலையிலாவது பச்சை காட்டினாராம். சாகும்போது மகனிடம் சொன்னதும் இதைத்தான். "ஒரு போகம்கூடத் தரிசு போட்டுறாதடா. வெறும் நெலத்தைக் கண்டா பிடுங்கிக்குவானுங்க."

அந்த மனு வழக்காகி, நிலம் தங்கையனுக்கே என்று முடிந்து எத்தனையோ ஆட்சி மாறிவிட்டது. பண்ணை வீட்டில் இப்போது வௌவால்தான் குடியிருக்கிறது. ஆனாலும் ஐயாவு தரிசு போட்டதே இல்லை. மேட்டூர் திறக்காத வருஷமும் விதைப்பார். விதை கருகும். அவர் மனைவி ராசம்மாள் தலையில் அடித்துக்கொள்வார். போதாக்குறைக்கு, எரிவாயுக் குழாய் பதிக்கப் போகிறோம் என்று நாடாவோடு ஆட்கள் வயல்களில் இறங்கி அளக்க ஆரம்பித்தார்கள். அண்ணனின் பயம் இன்னும் முற்றிப்போனது.

ஒரே மகள் அறிவுக்கொடி, அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் புலி. திருச்சியில் மத்திய அரசின் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் அதற்கு இந்தியா முழுமைக்கும் ஒரே நுழைவுத் தேர்வு, ஜே.இ.இ. எழுத வேண்டும். ஜனவரியில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை. எது நன்றாக வருகிறதோ அதுதான் கணக்கு. விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது நான். விதிகளையும் நானே படித்துச் சொன்னேன். சரியான விடைக்கு நாலு மார்க். தப்பு விடைக்கு ஒரு மார்க் கழியும். தொடாமல் விட்டால் மார்க் ஏறாது, குறையவும் செய்யாது.

"தொடாம விடறதாவது!" ஐயாவு பதறிவிட்டார். "ஒன்னைக்கூட வெறுமனே போட்டுறாத பாப்பா."

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானே பழக்கியிருக்கிறார்கள்? நம் ஊர்ப் பரீட்சையில் கேள்வி நம்பரைப் போட்டு நாலு வரி எதையாவது கிறுக்கி வைத்தால் மார்க் விழும். கொடி தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஜனவரித் தேர்வின் முடிவு வந்த அன்று அப்பாவும் மகளும் என் கடையில்தான் இருந்தார்கள். திரையில் ஐம்பத்திரண்டு பர்சன்டைல் என்று வந்தது.

"நூத்துக்கு அம்பத்திரண்டு. பாஸ்தானே?" என்றார் ஐயாவு.

"இது மார்க் இல்லண்ணே. எழுதுன பிள்ளைங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சா, நூத்துல அம்பத்திரண்டு பேர் இவளுக்குப் பின்னால நிக்கிறாங்க. மிச்சப் பேரு முன்னால."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆற்றுக்குப் போய்விட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

"காவிரிக் கரையில நிக்க வச்சுட்டேன் தங்கச்சி," என்றார் மெல்ல. "பூம்புகார்லேர்ந்து மேக்கால திருச்சி வரைக்கும் ரெண்டு கரையும் பிள்ளைங்களாத் தெரியுது. மாயவரம் தாண்டி, கும்பகோணம் தாண்டி... நம்ம கொடி இங்கதான், பாபநாசத்துலயே நிக்கிறா."

"ஆமாண்ணே. திருச்சி இன்னும் ரொம்ப தூரம்."

கொடி அழ ஆரம்பித்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அழுதா ஆச்சா? மைனஸ் இருக்குன்னு தெரியும்ல? வராத கேள்வியை எதுக்குடி தொட்டே?"

"விட முடியலக்கா," என்றாள். "வராத கேள்வியிலயே உக்காந்துட்டேன். தாண்டிப் போகக் கையே வரல. வெறுமனே கெடக்கறதைப் பார்த்தா அப்பா குரல்தான் கேக்குது. நேரம் ஓடிப்போச்சு. கடைசியில தெரிஞ்ச கேள்விக்கும் கண்ணை மூடிட்டு எதையோ அமுக்கிட்டேன்."

யா அல்லாஹ்! நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கனவிலிருந்து முழுசாக இறங்கியிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"தங்கச்சி, தொடாம விட்டா நெசமாவே எதையும் பிடுங்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கண்ணே. எழுதியே போட்டிருக்கு."

"எழுதித்தான் எங்கப்பனுக்கும் குடுத்தாங்க," என்றார்.

முடிவை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஏப்ரல்தான் கடைசி வாய்ப்பு, அதையும் விட்டால் திருச்சி இல்லை என்பது மட்டும் மூன்று பேருக்கும் தெரியும்.

அந்தத் தை மாதம் ஆற்றில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. மழையும் ஏமாற்றியிருந்தது. நெல் அறுக்கும் முன்பு வயல் ஈரத்தில் உளுந்து தெளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வருஷம் தெளிக்க ஈரமே இல்லை. ஆனாலும் ஐயாவு தெளிப்பார் என்று ஊரே கேலி பேசிக் காத்திருந்தது. ராசம்மாள் உளுந்தைப் புடைத்து மூலையில் வைத்துவிட்டார். அதன் பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கடையில் வேலை சரியாக இருந்தது.

ஏப்ரல் தேர்வுக்கு முதல்நாள் சாயங்காலம், ஹால் டிக்கெட்டை அச்செடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் அவர்கள் ஊருக்குப் போனேன். வீட்டில் ராசம்மாள்தான் இருந்தார். "அப்பனும் மகளும் வயலுக்குப் போயிருக்காங்க. போய்ப் பாருங்க அந்தக் கூத்தை," என்றார். குரலில் சலிப்பில்லை.

வரப்பில் நின்று பார்த்தேன். மூன்று மாவும் வெறும் நிலம். ஒரு பச்சை கிடையாது. வெடிப்பு விட்ட மண்ணின் மேல் மஞ்சள் வெயில் படர்ந்திருந்தது. தூரத்துத் தென்னைகள் தூங்கி வழிவது போல் நின்றன. அவ்வளவு அமைதியான இடத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. நடுவில் அவர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

"நல்லாப் பாத்துக்க பாப்பா," என்றார் ஐயாவு. "தையிலேர்ந்து தரிசாத்தான் கெடக்கு. விடிஞ்சதும் ஓடியாந்து ஓடியாந்து பாக்குறேன். ஒருத்தனும் பிடுங்கல. இங்கயேதான் இருக்கு."

கொடி குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"நாளைக்கு வராத கேள்வியை விட்டுட்டுப் போயிட்டே இரு. அப்பா ஒன்னும் சொல்ல மாட்டேன்."

இத்தனை நாளும் அவர் தூங்கியிருக்கவே மாட்டார் என்று எனக்குப் பட்டது. ஹால் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "போட்டோ ஒட்ட மறந்துறாதடி!" என்று வேண்டுமென்றே ஒரு அதட்டல் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நானும் தஞ்சாவூருக்குப் போனேன். தேர்வு மையத்தின் வாசலில் புங்க மர நிழலில் காத்திருந்தோம். ஐயாவு அன்றைக்கு எங்கேயும் போகவில்லை. வைத்த கண் வாங்காமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடி வெளியே வந்தாள். மற்ற பெற்றோர் எல்லாம், "எல்லாம் எழுதிட்டியா?" என்று பிள்ளைகளைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை தரிசு?" என்றார் ஐயாவு.

"எழுபத்தஞ்சுல இருபத்தாறுப்பா."

"அவ்வளவா!" அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பயந்து பயந்து, "மிச்சம்?" என்றார்.

"மிச்சமெல்லாம் வெளைஞ்சிருக்குப்பா."

பிறகு முடிவு வந்தது, கலந்தாய்வும் நடந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நானே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பிற்பகல், திரையில் கொடியின் பெயருக்கு எதிரே திருச்சிக் கல்லூரியின் பெயர் வந்துவிட்டது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஐயாவு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"எங்க நிக்கிறா தங்கச்சி?"

"கல்லணை தாண்டியாச்சுண்ணே. திருச்சிக் கரையிலேயே நிக்கிறா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. அவர் குரல் எங்களிடம் பேசுவது போல் இல்லை, வயலில் தூரத்தில் நிற்கும் ஒருவரைக் கூப்பிடுவது போல் இருந்தது.

"எப்பா, இந்தத் தடவை தரிசு போட்டுட்டேன்," என்றார். "பிடுங்கலப்பா. குடுத்திருக்காங்க."