ஒரு சொட்டுகூட வெளியே விடாதவர்

என் அத்திம்பேர் வீரராகவன் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் போதை மருந்து உரிமங்களைக் கவனித்துவந்தார். கவனித்தார் என்றால் கொடுத்தார் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்கிவைக்க விண்ணப்பம் போடும். அவர் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார். முத்திரை கோணலாக இருக்கும், தேதி அழிந்திருக்கும். ஒன்றுமே அகப்படாவிட்டால், “ஒரு காப்பி குறைகிறது, திங்கட்கிழமை வாருங்கள்” என்று மயிலாப்பூர் வாடை அடிக்கும் பெங்காலியில் டாக்டர்களிடம் சொல்வார். லஞ்சம் வாங்க மாட்டார். வாங்கியிருந்தால் நாலு பேருக்காவது வலி குறைந்திருக்கும்.

தொண்ணூற்றாறு பொங்கலுக்கு லேக் மார்க்கெட்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பட்டிமன்றம். போதைப்பொருளைச் சட்டம் அனுமதிக்கலாமா, கூடாதா என்பது தலைப்பு. நான் அனுமதிக்கலாம் அணி. “கடத்தல்காரனை உங்கள் தடை என்ன செய்தது? அவன்தான் விண்ணப்பமே போடுவதில்லையே” என்றேன். அத்திம்பேர் மைக்கைப் பிடித்து, “நான் இருக்கும்வரை ஒரு சொட்டுகூட வெளியே போகாது!” என்று முழங்கினார். நடுவர், வங்கி மேலாளர் மஹாதேவன், வெற்றியை அவருக்கே கொடுத்தார். முன்வரிசையில் அவர் மனைவி, என் ஷியாமளா அக்கா, கை வலிக்கத் தட்டினாள்.

அதே மனிதர்தான் மூன்று மாதம் முன்பு விஜயதசமியன்று, பெஹாலாவில் பக்கத்து வீட்டு கோஷ் கொடுத்த, பெங்காலியில் ‘சித்தி’ என்கிற சர்பத்தை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, மின்விசிறியைப் பார்த்து ஒரு மணி நேரம் சிரித்தவர்.

“அதுல அரைச்சது கஞ்சா இலைதானே, அத்திம்பேர்?”

“அசடு, அது பிரசாதம்டா.”

அந்த வருடமே அக்காவுக்குப் புற்றுநோய் வந்து, ஆகஸ்டில் எலும்புக்குப் போய்விட்டது. பெஹாலாவில் ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்த்தோம். இந்த வலிக்கு மார்ஃபின்தான் கேட்கும் என்றார் டாக்டர். “ஆனால் எங்களிடம் இல்லை. மூன்று தடவை விண்ணப்பித்தோம்” என்று கோப்பை மேஜையில் வைத்தார். மூன்றிலும் அத்திம்பேரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்காரர்தான் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது.

கடைசித் தாளில் அவர் எழுதியிருந்த குறிப்பு: ‘நாற்பது படுக்கைக்கு இவ்வளவு எதற்கு? விளக்கவும்.’ கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா அலறிக்கொண்டிருந்தாள். அத்திம்பேர் டாக்டரின் பேனாவை வாங்கி, தன் கேள்விக்கான விளக்கத்தைத் தானே ஒரு பக்கத்துக்கு எழுதினார். டாக்டர் கையெழுத்திட்டார். எனக்கு அவரை முதன்முதலாகப் பிடித்தது அன்றுதான்.

அவர் விடுப்பில் இருந்ததால் அவர் நாற்காலியில் மித்ரா, அவரே பழக்கிய ஆள். வெள்ளிக்கிழமை போனோம். மித்ரா எழுந்து நின்று, டீ வரவழைத்து, தாள்களை இரண்டு முறை புரட்டினார்.

“எல்லாம் சரியா இருக்கு, தாதா. ஒரு காப்பி மட்டும் குறையுது. நீங்க சொல்லிக்கொடுத்தபடியேதான் பார்த்தேன்” என்றார் பெங்காலியில், பெருமை தாங்காமல்.

கீழே ஓடி ஜெராக்ஸ் எடுத்து வருவதற்குள், கையெழுத்துப் போட வேண்டிய மேலதிகாரி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் அத்திம்பேரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றிருந்தேன். பட்டிமன்றத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது.

அக்கா தலையணை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் விட்டாள்.

“ஏன்னா, கிடைச்சுதா?”

அத்திம்பேர் என்னைப் பார்த்தார்.

“ஒரு காப்பி குறைஞ்சுடுத்து, ஷியாமா.”

“அப்போ எப்போ?”

“திங்கட்கிழமை” என்றார்.