நல்ல தண்ணி

பிள்ளைகளே, போன லீவில் மலைக்குப் போய் பெரியம்மா வீட்டில் தங்கிவிட்டு வந்ததும் நீங்கள் ரெண்டு பேரும் சொன்ன முதல் பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. "ஊரு சூப்பரு. ஆனா தண்ணிதான் சப்புன்னு இருக்குதுப்பா." உங்கம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்பக்கம் கம்பியில் தொங்குகிற வெங்காயச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் ஓட்டை போட்ட அந்த மண்சட்டி வெங்காயத்துக்காகச் செய்ததில்லை. "பெரியம்மா ஏம்பா இங்க வர்றதே இல்ல, பெரியப்பாவோட சண்டையா?" என்று சின்னவள் கேட்டபோது வேலை இருக்கிற மாதிரி வெளியே போய்விட்டேன். வாயால் சொன்னால் பாதியில் நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

உங்கள் பெரியப்பா, அதாவது என் அண்ணன், அப்போதே உப்பு லோடு லாரி ஓட்டினார். நான் அளத்தில் உப்பு வாருவேன், அவர் அதை ஏற்றிக்கொண்டுபோய்க் கோத்தகிரி வரைக்கும் இறக்குவார். அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்தில்தான் அண்ணியை, அதாவது உங்கள் பெரியம்மாவை, கட்டினார். 2004-ல், ஆனி வெயிலில், அண்ணி லாரியிலிருந்து இறங்கியபோது ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் அந்தச் சட்டி. சட்டிக்குள் நீள நீளமாகப் புல் மாதிரி இலை, அடியில் வெங்காயம் மாதிரி உருண்ட பச்சைத் தண்டு. மண்ணே கிடையாது. மரப்பட்டையும் கரித்துண்டும் பாசியும்தான்.

உங்கள் பாட்டி, என் அம்மா, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "இன்னாம்மா இது, கோரைப்புல்லத் தூக்கிக்கிட்டு அவ்ளோ தூரம் வந்துக்குற? நம்ம கழுவெளி ஏரியில இல்லாத கோரையா?"

"இது ஆர்க்கிட் அத்தை. குளிர் இருந்தாத்தான் பூக்கும். பூத்துச்சுன்னா ரெண்டு மாசம் வாடாது."

"ரெண்டு மாசம் வாடாதா? அப்ப அது பிளாஸ்டிக்கு."

அண்ணியும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "இது இங்க பூத்துடுச்சுன்னு வைங்க தம்பி, அன்னிக்கு நானும் இந்த ஊர்க்காரி." விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்தச் செடியை அவர் பார்த்துக்கொண்ட விதம் விளையாட்டு இல்லை. வெயில் படாமல் கீற்றுத் தட்டிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் ஈரக்காற்று படுகிற இடத்தில் தொங்கவிட்டார். கடல் காற்றில் நம் ஊர் கதவுத் தாழ்ப்பாளே துரு பிடித்து உதிர்கிறது, இலை என்ன பாடுபடும்? சாயங்காலம் ஆனால் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையையும் துடைப்பார். அந்தத் துணியைத் தனியாக அலசிக் காயப்போடுவார்.

மழைக்காலம் வந்தும் குளிர் போதவில்லை. பொழுது சாய்ந்த பிறகாவது குளிர்ந்தால்தான் பூங்காம்பு விடும் என்று அண்ணி சொன்னதை அண்ணன் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. ஆனால் மறுநாள் கடற்கரையிலிருந்து மீனுக்குப் போடுகிற ஐஸ் பாளத்தில் ஒரு துண்டை உமி சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். உடைத்து, சட்டியின் மேல் தன் கையாலேயே அடுக்கினார். லோடு இல்லாத நாளெல்லாம் இப்படி நடந்தது. தெருவே சிரித்தது. "இன்னாப்பா, பொண்டாட்டிக்கு ஏசி மாட்டுவன்னு பார்த்தா புல்லுக்கு மாட்டியிருக்க?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். அண்ணன் அடுத்த துண்டை உடைத்தார்.

ஒரு நாள் அண்ணி சட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தார். முகம் மாறியது. "என்னங்க, இது உப்பு."

"எங்க உப்பு? நல்ல தண்ணியில புடிச்ச ஐஸ்டி இது," என்று அண்ணன் ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்தார். அம்மா ஒரு துண்டு எடுத்துச் சப்பினார். "சர்க்கரையா இருக்குது." நானும் சப்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அது நல்ல தண்ணியாகத்தான் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் சொல்லச் சொல்ல, அண்ணி எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தாளிக்கிற இரும்புக் கரண்டியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து அடுப்பில் காட்டினார். கொதித்து வற்றியது. கறுத்த கரண்டியின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் நின்றது.

நாள் முழுக்க நாங்கள் பாத்தியில் செய்கிற வேலையை அவர் ஒரு கரண்டியில் செய்துவிட்டார். அண்ணன்தான் முதலில் சிரித்தார். "உப்பளக்காரன் வீட்டுக்குள்ளயே உப்பளம் போட்டுட்டாடா!" அதற்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரைத் தூக்குவாளியில் எடுத்துப்போய், பால் கடைக்காரரிடம் கெஞ்சி ஃபிரிட்ஜில் வைத்து உறைய வைத்துக் கொண்டுவருவார். அப்போது நம் கிணறு அண்ணியின் நாக்குக்கும் நல்ல கிணறுதான்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. நம் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தோம். கரையோரத் தெருக்களில் நடந்ததை நீங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள், நான் இங்கே எழுதப்போவதில்லை. அண்ணி எல்லார் வீட்டுக்கும் போனார், சோறு ஆக்கிக் கொடுத்தார், பெண்களோடு உட்கார்ந்து அழுதார். ஒரு சாயங்காலம் திரும்பி வந்து இலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி சொன்னாள்: "ஊரே செத்துக் கிடக்குது, இவளுக்குப் புல்லு கழுவத் தோணுது பாரு." அண்ணி துணியைக் கீழே வைத்தார். மறுநாள் சட்டி அங்கே இல்லை. மாட்டுக் கொட்டகைக்குள், யார் கண்ணிலும் படாத மூலையில் கட்டியிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை. ஒளித்துச் செய்தார்.

அதற்குப் பிறகு கிணறு மாறியது. ஒரே நாளில் மாறியிருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்போம். ஒரு துளி, இன்னொரு துளி என்று உப்பு ஏறியது. நாங்கள் அதையே குடித்தோம், அதிலேயே சோறு வடித்தோம். அண்ணியும் எங்களோடுதான் குடித்தார்.

அடுத்த மார்கழியில் செடி காம்பு விட்டது. கிண்டல் பண்ணிய அம்மாவே முதலில் பார்த்து, "ஏம்மா, ஓடியா ஓடியா, உன் கோரை மூக்கு நீட்டுது!" என்று கூப்பிட்டார். அண்ணன் லோடு முடித்து வந்ததும் செருப்பைக்கூட கழற்றாமல் கொட்டகைக்குப் போவார். மொட்டு வரிசையாக உருண்டது. எல்லாரும் காத்திருந்தோம். பிறகு நுனி மொட்டு மஞ்சளாகி விழுந்தது. அப்புறம் அடுத்தது. ஒன்றுகூட விரியவில்லை. இலை நுனிகள் கருகின. வெயில் என்றார் அண்ணன். கண்ணேறு என்றார் அம்மா. அண்ணி இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினார், பாவம்.

2006 சித்திரையில் அண்ணியின் தம்பி மலையிலிருந்து வந்தார். வெயிலில் நடந்து வந்தவருக்கு அண்ணி சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். ஒரு வாய் குடித்தவர் வாசலிலேயே துப்பினார். "என்னக்கா, மோருக்குப் போட்ட உப்பு இதுல விழுந்துடுச்சா?"

"விளையாடாத. நல்ல தண்ணிதான்டா," என்றார் அண்ணி.

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அந்த வார்த்தையை நாங்கள் சொல்கிற மாதிரியே சொல்லியிருந்தார், அதே இழுவையோடு. சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு உள்ளே போய்க் கரண்டியை எடுத்தார். இந்தமுறை யாரும் பக்கத்தில் போகவில்லை. கரண்டியில் தண்ணீர் வற்றுகிற சத்தம் கூடத்து வரைக்கும் கேட்டது. வெளியே வந்தபோது அவர் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தேன். போனமுறை படலம், இந்தமுறை பொருக்கு.

"செடி சொல்லிக்கிட்டே இருந்திருக்குது தம்பி. எனக்குத்தான் தெரியல," என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் என்னென்ன எனக்குத் தெரியாமப் போச்சோ," என்றார். அழவில்லை. அழுதிருந்தால் அம்மா ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பார்.

செடியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் மேலே கொண்டுபோக வேண்டும் என்றார் தம்பி. சட்டி வேண்டாம், அந்தச் சுட்ட மண்ணிலேயே உப்பு ஊறியிருக்கிறது என்று செடியை மட்டும் வேரோடு பிரித்து, பாசி வைத்து, ஈரச் சாக்கில் சுற்றினார்கள். அண்ணனும் நானும் பஸ் ஏற்றிவிடப் போனோம். "தேறினதும் வந்துடுறேன்," என்று அண்ணி சொன்னார். மனசாரத்தான் சொன்னார். அண்ணன் அப்படியே லோடு ஏற்ற அளத்துக்குப் போய்விட்டார்.

செடி தேறியது, அண்ணி வரவில்லை. நீங்கள் அந்த வீட்டு வாசலில் பார்த்த மஞ்சள் பூ அதுதான். அண்ணன் ஒவ்வொரு லோடுக்கும் அங்கே போய்த் தங்கிவிட்டு வருகிறார். இங்கே கூப்பிடலாமே என்று ஒரு முறை கேட்டேன். "வான்னு சொன்னா வந்துடுவாடா. வந்து இந்தத் தண்ணியவே நல்ல தண்ணின்னு குடிப்பா. அதான் சொல்லல," என்றார். சின்னவளே, நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் அவ்வளவுதான். சண்டை இல்லை. சண்டையாக இருந்திருந்தால் யாராவது சமாதானம் பேசியிருக்கலாம்.

அன்றைக்கு அவர்களை பஸ் ஏற்றிவிட்டு நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். காலிச் சட்டி கொட்டகை வாசலில் கிடந்தது. பக்கத்தில் அண்ணியின் தம்பி மலையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில், பாதி மிச்சத்தோடு. மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். வாயிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். சப்பென்றுதான் இருந்தது. மிச்சத்தை அந்தச் சட்டியில் ஊற்றினேன். எல்லா ஓட்டை வழியாகவும் வழிந்து மணலில் இறங்கிப்போனது.