சர்வேயரின் சொந்த வீடு

எந்த வீட்டு வாசலில் கால் வைத்தாலும் சர்வேயர் காலணியைக் கழற்றிவிட்டு, குதிகாலை அழுத்தி அழுத்தி நடப்பார். தரைப்பலகை எங்கே முனகுகிறது என்று முதலில் காது கேட்டுக்கொள்ளும். அடுத்தது மூக்கு. மாடிப்படிக்கு அடியில் குனிந்து, சமையலறைத் தொட்டிக்குக் கீழே தலையை நுழைத்து, ஆழமாக ஒரு மூச்சு இழுப்பார். கடைசியில்தான் கண். "கண்ணை நம்பக் கூடாதுங்க. பெயிண்டைப் பார்த்தா மயங்கிடும்" என்பார், விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே.

கூப்பிடாத வீட்டிலும் இதைச் செய்வதுதான் சிக்கல். போன மாதம் ஒரு நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் எல்லோரும் கேக்கைச் சுற்றி நிற்க, இவருடைய கால்கள் மட்டும் மாடிப்படிக்கு அடியிலிருந்த அலமாரிக்கு வெளியே தெரிந்தன. "குழாய் கசியுது" என்று உள்ளேயிருந்து நல்ல செய்தி வந்தது. திரும்பும் வழியில் மனைவி சொன்னாள்: "இனிமே விருந்துக்கு வந்தா மூக்கை வீட்டுல வச்சிட்டு வாங்க."

பிழைக்க வந்த நாட்டில் வீடு வாங்கப் போகிறவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் இவரை அனுப்பி வைப்பார்கள். கூரை முதல் சாக்கடை வரை பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதித் தருவது தொழில். ஊரில் இருக்கும் அம்மா 'சர்வேயர்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, மகன் சங்கிலி போட்டு நிலம் அளப்பதாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். "இன்னைக்கு எத்தனை ஏக்கர்ப்பா?" என்று போனில் கேட்பார். "இன்னைக்கு ஒரு கக்கூஸ்மா" என்பார் இவர்.

ஒருமுறை பரணுக்குள் ஏறும் துவாரத்தில் தொப்பை மாட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் கீழேயிருந்து தள்ள, வாங்க வந்தவர் ஏணியைப் பிடிக்க, மேலே போவதா கீழே வருவதா என்று முடிவாகவே கால் மணி நேரம் ஆயிற்று. "பரண் வாசல் சின்னதுன்னு ரிப்போர்ட்ல எழுதினேன். சர்வேயர் பெரிசுன்னு எழுதல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

தன்னைப் பற்றி அவர் சொல்லும் கதைகளில் உச்சம், சொந்த வீடு வாங்கிய கதை. அப்போது தொழிலுக்கு வந்து பதினோரு வருடம். ஏழு வாடகை வீடுகளில் மூட்டை கட்டி அவிழ்த்து அலுத்துப்போன மனைவியோடு அந்த வீட்டைப் பார்க்கப் போனார். சமையலறை முழுக்க வெயில். மனைவி மேடையில் சாய்ந்து நின்று சிரித்தாள். "அவ்வளவுதான். காது, மூக்கு எல்லாம் லீவு போட்டுடுச்சு. ஊர்ச் சுவரையெல்லாம் தட்டினவன் என் வீட்டுச் சுவரைத் தட்டவே இல்ல." முதல் மழைக்கே பின்னறைச் சுவர் வியர்த்தது. ஒன்பது வருடமாக அங்கே ஒரு வாளி நிரந்தரமாகக் குடியிருக்கிறது. ஆனாலும் ஈரம் அளக்கும் கருவியை அந்தச் சுவரில் அவர் வைத்ததே கிடையாது. "வச்சா தெரிஞ்சிடுமே!"

இரண்டு மாதத்துக்கு முன் மச்சினனுக்கு ஒரு வீடு அமைந்தது. மனைவியின் தம்பி, பஸ் ஓட்டுகிறான். அவன் மனைவிக்கு ஏழாவது மாதம். சலவைக்கடைக்கு மேலே இரண்டே அறையில் இருந்தார்கள். இந்த வீட்டுக்கு இன்னொருவரும் போட்டி. "சும்மா பேருக்கு வந்து ஒரு பார்வை பார்த்துடுங்க அத்தான்" என்றான்.

போனார். பின்னறைக்கு மட்டும் புதுப் பெயிண்ட். சுவரோடு சுவராக ஒரு பெரிய அலமாரி.

"இதைக் கொஞ்சம் நகர்த்தலாமா?"

வீட்டைக் காட்ட வந்த தரகருக்கு முகம் சுண்டிப்போயிற்று. நகர்த்தினார்கள். செங்கல் செங்கலாகப் படியேறிப் போயிருந்தது விரிசல். அதற்குள் ஒரு நாணயத்தைச் செருகினார், உள்ளே போய்விட்டது. நிலை சாய்ந்துபோனதால், கதவு மூடுவதற்காக அதன் மேல்விளிம்பைச் சீவியிருந்தார்கள். வெளியே அந்த மூலையில் மண்ணே உள்வாங்கியிருந்தது.

தெருவுக்கு வந்ததும் சொன்னார்: "அஸ்திவாரம் இறங்கிட்டிருக்கு மாப்ள."

அவன் திரும்பி அந்த வீட்டைப் பார்த்தான். பிறகு, "அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடுங்க அத்தான். அவ படிச்சா வேணாம்னுடுவா" என்றான்.

"எழுதலைன்னா விரிசல் ஒட்டிக்குமா?"

"நீங்க மட்டும் பார்த்தா வாங்கினீங்க? குடியா முழுகிப்போச்சு? சந்தோஷமாத்தானே இருக்கீங்க!"

தன் வீட்டைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவருக்கு, அதையே இன்னொருவர் வாயால் கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை வெளியே போய்க் கதவைச் சாத்தி, தன் வீட்டு மணியையே அடித்தார். மனைவி திறந்தாள்.

"யார் வேணும்?"

"வீடு சர்வே பண்ண வந்திருக்கேம்மா."

அவள் ஒரு நொடி பார்த்தாள். "வாங்க. காபி குடிப்பீங்களா?"

"டியூட்டியில குடிக்கிறதில்ல" என்றவர், இரண்டு தம்ளர் குடித்தார்.

நாலு மணி நேரம் பார்த்தார். பின்னறைச் சுவரில் கருவியை வைத்ததும் முள் கோடி வரை ஓடி அங்கேயே நின்றுவிட்டது. படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினார். 'பின்னறை: கடுமையான ஓதம். உரிமையாளர் இதே தொழிலில் இருப்பவர் என்பது வருத்தத்துக்குரியது.' 'மாடி ஜன்னல்: மூடாது. அடுத்த வாரம் சரிசெய்வதாக உரிமையாளர் கூறுகிறார். ஒன்பது ஆண்டுகளாக அப்படித்தான் கூறுகிறார் என்று அவர் மனைவி தெரிவித்தார்.'

பதிமூன்றாவது பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: இந்த வீட்டை வாங்கலாமா? மற்றவர்கள் வீடு என்றால் அரை நிமிடத்தில் நிரப்பிவிடுவார். இன்று பேனா நின்றது. அடுத்த அறையில் மனைவி போனில் யாரிடமோ, "யாரோ சர்வேயராம், இன்னும் போகல" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'வாங்கலாம்' என்று எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். அந்தத் தாளை மட்டும் உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மச்சினனும் அவன் மனைவியும் வந்தார்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் வைத்து, "முதல்ல என் வீட்டோடதைப் படிங்க" என்றார். அந்தப் பெண்தான் வாய்விட்டுப் படித்தாள். ஜன்னலுக்குச் சிரித்தாள். பின்னறைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"அண்ணா, இவ்வளவு ஓதத்துலயா இருக்கீங்க?"

"எங்களுக்கு ஒரு வாளி போதும்மா. அங்க வீடே இறங்குது. வாளி வச்சு என்ன பண்றது?"

இரண்டாவது ரிப்போர்ட்டை அவள் சத்தமில்லாமல் படித்தாள். படித்து முடித்துக் கணவனைப் பார்த்தாள். அவன் எழுந்து ஜன்னலோரம் போய்த் தரகரைக் கூப்பிட்டான். "வேணாங்க... இல்லங்க, முடிவு பண்ணிட்டோம்." திரும்பி வந்தவனின் முகம் தொங்கிக் கிடந்தது. எங்காவது பார்த்தாக வேண்டும் என்பதற்காக, மேசையில் கிடந்த அத்தானின் ரிப்போர்ட்டை எடுத்துப் புரட்டினான்.

"மொத்தம் பதிமூணு பக்கம்னு போட்டிருக்கு. பன்னெண்டுதானே இருக்கு? கடைசிப் பக்கம் எங்க அத்தான்?"

"பேப்பர் தீர்ந்துபோச்சு மாப்ள" என்றார் சர்வேயர். சொல்லிக்கொண்டே கை தானாகப் போய்ச் சட்டைப் பையின் பித்தானைப் போட்டது.